பனியன் தொழிலில் தடைபடாத விநியோகச் சங்கிலி: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் முடிவதற்குள் நூல், நிட்டிங் (துணி பின்னுதல்), சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி பதப்படுத்துதல்), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எனப் பல கைகள் மாறுகிறது. அவற்றில் பலவும் வெவ்வேறு நிறுவனங்களில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாக, நடக்கின்றன. புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் சிறு நிறுவனம் இந்தச் சங்கிலியைத் திட்டமிடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

1. சங்கிலியை எழுதுங்கள். முடிந்த அட்டைப்பெட்டியிலிருந்து பின்னோக்கிச் சென்று, ஒவ்வொரு பொருளையும் யார் தருகிறார், வந்து சேர எத்தனை நாள் ஆகும், அவர் யாரை நம்பியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். லேபிள், எலாஸ்டிக், பாலிபேக் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

2. ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு எண்களைக் கணக்கிடுங்கள்: அது நின்றால் கையிருப்பைக் கொண்டு எத்தனை நாள் ஓட்டலாம், மாற்று வழி தயாராக எத்தனை நாள் ஆகும். சாயமிட்ட துணி 4 நாளுக்குத்தான் இருக்கிறது, வேறு பட்டறையில் லேப் டிப் (நிறத்துக்கான மாதிரிச் சாயத்துண்டு) போட்டு பையரின் (ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளரின்) ஒப்புதலைப் பெற 10 நாள் ஆகும் என்றால், 6 நாள் உங்கள் பவர் டேபிள்கள் (தையல் இயந்திரங்கள்) சும்மா கிடக்கும். இந்த இடைவெளி எங்கே அதிகமோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

3. இரண்டாவது சப்ளையரைத் தேர்ந்தெடுங்கள். பலரும் சறுக்குவது இந்தப் படியில்தான் என்பது என் கருத்து. இரண்டு சாயப்பட்டறைகளை வைத்திருந்தும், இரண்டும் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீரை அனுப்பினால், அந்த நிலையம் நிற்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டபோது, உள்ளூரில் எத்தனை பட்டறைகளோடு பழக்கம் இருந்தும் பயன்படவில்லை. ஆகவே இரண்டாமவர் வேறு சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்தவராகவும், முடிந்தால் வேறு ஊரைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். அவருக்கு ஒவ்வொரு சீசனிலும் சிறிதளவாவது வேலை கொடுத்து, முக்கிய நிறங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள்; முன்பின் பழகாதவரிடம் நெருக்கடியில் போய் நின்றால் அவருடைய வரிசையில் உங்களுக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும்.

4. கையிருப்பை அளவோடு வையுங்கள். பையரே குறிப்பிட்டுச் சொல்லும் சப்ளையரிடமிருந்து வரும் லேபிளுக்கு மாற்று கிடையாது. அதை இருப்பு வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 2,000, அதிகபட்சம் 2,500 லேபிள் செலவாகிறது. சரக்கு வர வழக்கமாக 10 நாள், தாமதமானால் 16 நாள் ஆகிறது என்று கொள்வோம். 2,500 × 16 = 40,000; அதிலிருந்து 2,000 × 10 = 20,000-ஐக் கழித்தால் கிடைக்கும் 20,000 லேபிள்தான் காப்பு இருப்பு. இதோடு வழக்கமான 10 நாள் செலவான 20,000-ஐச் சேர்த்தால் 40,000; இருப்பு அந்த அளவைத் தொடும்போதே அடுத்த ஆர்டரைக் கொடுத்துவிட வேண்டும். நூலுக்கு இந்தக் கணக்கு போதாது, ஏனென்றால் அதன் விலையே ஏறி இறங்கும். ஆடையின் விலை உறுதியாகும் அன்றே அந்த ஆர்டருக்கான நூலை புக் செய்துவிடுவது நல்லது.

5. கப்பல் வழியையும் திட்டத்தில் சேருங்கள். 2023 டிசம்பரில் துறைமுக நகரான தூத்துக்குடியைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதே மாதத்தில் செங்கடலில் நடந்த தாக்குதல்களால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கி, பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. கொச்சி, சென்னைத் துறைமுகங்கள் வழியாக அனுப்ப ஆகும் செலவை ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவரிடம்) முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் விமானச் சரக்குக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் ஆர்டர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

6. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் இரண்டு படிகளின் எண்களைத் திருத்துங்கள். சப்ளையர் சொன்ன நாளை நம்பி எழுதாமல், சரக்கு உண்மையில் வந்திறங்கிய தேதியை டெலிவரி சலானிலிருந்து எடுத்து எழுதுங்கள்.