துருக்கியில "ஏன்னா", "அதனால" சொல்றது எப்படி: தமிழ்ல யோசிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது

துருக்கி கத்துக்க ஆரம்பிச்சவங்க காரணம் சொல்ற இடத்துலதான் ரொம்ப திணறுறாங்க, ஏன்னா இங்கிலீஷ் வழியா யோசிக்கிறாங்க. தயவுசெஞ்சு தமிழ்லயே யோசிங்க.

முதல்ல கேள்வி. "நெதென்", "நியே" ரெண்டுமே ஏன்தான். "நெ"ன்னா என்ன, அதோட "தென்" (இருந்து) சேர்ந்தா எதனால, "யெ" (க்கு) சேர்ந்தா எதுக்கு. நம்ம மாதிரியே ஒட்டு ஒட்டா கட்டுற மொழி.

அடுத்து ஈஸியான பதில், "ச்சுன்க்யு", அதாவது ஏன்னா. "கெல்மெதிம் ச்சுன்க்யு ஹஸ்தாய்தும்": வரல, ஏன்னா உடம்பு சரியில்ல. (கடைசி "தும்"ல வர்ற உகரத்தை உதடு குவிக்காம சொல்லுங்க, "அது"ங்கறப்ப கடைசில வருமே அந்த குறுகின உகரம்தான் அது, நமக்கு சுலபமா வரும்.) தப்பில்லாத வாக்கியம்தான், ஆனா இதோட நின்னுடாதீங்க.

இப்ப முக்கியமான ஸ்டெப், இதுக்கு நேரம் குடுங்க. "ஹஸ்தா ஓல்தூம் இச்சின் கெல்மெதிம்": உடம்பு சரியில்லாததால வரல ("சரியில்லாததால"ல இருக்குற "ஆல"தான் இங்க "இச்சின்"). காரணம் முன்னாடி, வினை கடைசில, அச்சு அசல் நம்ம வரிசை. ஆனா ஒரே ஒரு வித்தியாசம் இருக்கு, தமிழ்ல "சரியில்லாததால"ன்னு சொன்னா யாருக்குன்னு அந்த வார்த்தையில தெரியாது, துருக்கியில அதுலயே ஆளைச் சொல்லியாகணும். எனக்குன்னா "ஓல்தூம்", உனக்குன்னா "ஓல்தூன்", அவருக்குன்னா "ஓல்தூ". "அன்னெம் ஹஸ்தா ஓல்தூ இச்சின் கெல்மெதிம்"னா அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால நான் வரல. (அம்மாவுக்கு அங்க "அன்னெ", நம்ம அன்னை மாதிரி கேக்குறது தற்செயல்தான், ஆனா மறக்கவே மறக்காது.) இனிமே நடக்கப்போற காரணம்னா "யாருன் கிதெஜெயிம் இச்சின்", நாளைக்கு நான் போகப்போறதால.

அப்புறம் "உன்னால". தமிழ்ல திட்டவும் இதான், நன்றி சொல்லவும் இதான். துருக்கியில ரெண்டும் வேற. கெட்டது நடந்தா "செனின் யூஸுன்தென்", நல்லது நடந்தா "செனின் சாயென்தெ". "யூஸ்"னா முகம், "சாயெ" பாரசீகத்துல நிழல், அதனால "சாயென்தெ"ன்னா உன் நிழல்ல, நாம "உங்க புண்ணியத்துல"ன்னு சொல்றோமே அதே உணர்வு. உதவி செஞ்சவர்கிட்ட மாத்தி சொன்னீங்கன்னா அவர் மேல பழி போட்ட மாதிரி ஆயிடும், இதுல மட்டும் கவனமா இருங்க.

சின்ன காரணத்துக்கு பெயர்ச்சொல்லோட "தன்" ("நெதென்"ல பாத்த அதே "தென்"தான்) ஒட்டினா போதும்: "சுஜக்தன் உயுயாமதும்", புழுக்கத்துல தூங்க முடியல.

எனக்கு ரொம்ப பிடிச்சது "தியே". இது "சொல்"ங்கற வினையில இருந்து வந்தது, நம்ம "னு" "என்"ல இருந்து வந்த மாதிரி. "யாமுர் யாஅர் தியே ஷெம்சியே ஆல்தும்": மழை வரும்னு குடை எடுத்துக்கிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே உக்காருது! மழை நெஜமா வரணும்னு அவசியமில்ல, நீங்க நெனச்சதே காரணம்.

அறிவிப்புல, நியூஸ்ல "நெதெனியிலெ"ன்னு கேப்பீங்க, "காரணமாக"ன்னு எழுதுற நடை. இஸ்தான்புல்ல காத்து பலமா அடிச்சு படகு ஓடலன்னா "ஹவா முஹாலெஃபெத்தி நெதெனியிலெ"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, மோசமான வானிலை காரணமாகன்னு அர்த்தம்.

இன்னைக்கு நீங்க செய்யாம விட்ட ஒரு வேலையை எடுத்துக்கோங்க, அதை மொதல்ல "ச்சுன்க்யு" போட்டு சொல்லுங்க, அப்புறம் "இச்சின்" போட்டு திருப்பிச் சொல்லுங்க, ஆள் விகுதி சரியா வந்திருக்கான்னு வாய்விட்டு சொல்லிப் பாருங்க.