மட்டமான பிராண்ட் என்கிறார்களா? கத்தியை இப்படிப் பாருங்கள்

கத்திப் பிரியர் ஒருவர் ஒரு பிராண்டை மட்டம் தட்டினால், குறை எஃகிலா, பதப்படுத்தலிலா (அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவதிலா), விலையிலா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எஃகின் பெயர்தான் காரணமாக இருக்கும். அமெரிக்காவின் பக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் வந்த அதன் 110 மடக்குக் கத்தி இன்றும் விற்கிறது, ஆனால் அதன் வழக்கமான எஃகு 420ஹெச்சி, விலை குறைந்த வகை, அதனால் எஸ்30வி, மேக்னகட் என்று உயர்ரக எஃகுகளைப் பற்றியே பேசுகிறவர்கள் பலர் அந்தக் கத்தியைச் சீண்டுவதே இல்லை. இது நியாயமில்லை. பதப்படுத்தல் நிபுணர் பால் பாஸ் வகுத்த முறையில் பக் இந்த எஃகை, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவுகோலில் 58 வரும்படி பதப்படுத்துகிறது. கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், உண்மைதான், ஆனால் சாதாரண சாணைக்கல்லிலேயே சட்டென்று திரும்ப வந்துவிடும், எளிதில் துருவும் பிடிக்காது.

சரி, இப்போது கையில் எடுங்கள். விரித்து அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது, மடக்கினால் கைப்பிடியின் உள்பக்கத்தில் உரசக்கூடாது. அப்புறம் ஒரு தாளை அலகின் அடியிலிருந்து நுனிவரை இழுத்து வெட்டுங்கள், எங்கே சிக்குகிறதோ அங்கே சாணை சரியில்லை. எந்த எஃகு என்றே சொல்லாமல் வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று அச்சடித்து விற்கும் கத்தியை மட்டும் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.