1800 எண்ணும் விட்டுப்போன 044-ம்

தண்டையார்பேட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸில் 1800 என்று தொடங்கும் இலவச எண்ணைப் போட்டதும் அழைப்புகள் குறைந்துவிட்டன. நோட்டீஸின் நிறத்தை மாற்றினேன், பழைய வண்ணாரப்பேட்டை வரை கொடுத்தேன்; பலன் இல்லை. அப்புறம் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். 'தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்' என்று குரல் சொல்லி முடிப்பதற்குள் பலர் வைத்துவிட்டிருந்தார்கள். பேசிய சிலரும் "இது எந்த கம்பெனி?" என்றே கேட்டார்கள். பக்கத்துத் தெருக் கடை என்று யாருக்கும் தோன்றவில்லை.

சரி என்று கடையின் லேண்ட்லைன் எண்ணை அச்சடித்தேன். அப்போதும் போன் அடிக்கவில்லை. என் செல்போனிலிருந்தே போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: எட்டு இலக்கம் மட்டும் அச்சாகியிருந்தது. உள்ளூர் லேண்ட்லைனுக்கு அது போதும். செல்போனிலிருந்து சென்னையின் எஸ்.டி.டி. கோடான 044 சேர்த்தால்தான் லைன் கிடைக்கும். மீதி நோட்டீஸ்களில் எண்ணுக்கு முன்னால் 044 என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினேன். மறுநாள் மாலைக்குள் மூன்று வீடுகளிலிருந்து அழைத்தார்கள். பெரிய நிம்மதி.