"எந்தக் கீ?" என்று கேட்டால் விழிக்காதீர்கள்

தினமும் சாதகம் செய், தொண்டையைப் பார்த்துக்கொள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நியூயார்க்கில், யார் வேண்டுமானாலும் மேடையேறி வாசிக்கிற, பாடுகிற ஜாம் செஷன்களில் ஜாஸ் பாட வரும் புதியவர்கள் விடாமல் செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கீ தெரியாமல் மேடை ஏறுவது

கீ என்பது பாட்டை எந்தச் சுருதியில் வைத்துப் பாடுவது என்பது. இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு பெண் வந்தார். நல்ல கனமான குரல். 'மிஸ்டி' பாடுகிறேன் என்றார். "எந்தக் கீ?" என்று பியானோக்காரர் கேட்டார். "வழக்கமா வாசிக்கிறதுதான்." சரி என்று அவர் ஈ ஃபிளாட்டில் எடுத்தார். பிரிட்ஜில், அதாவது பாட்டின் நடுப்பகுதியில், அந்தப் பெண்ணின் குரல் எட்டவில்லை. சட்டென்று ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறங்கினார். அங்கே வெறும் முணுமுணுப்பு. கைதட்டினார்கள்தான். ஜாமில் யாருக்கும் தட்டுவார்கள்.

ஜாஸ் பியானோக் கலைஞர் எரோல் கார்னர் 1954இல் பியானோவுக்காகப் போட்ட மெட்டு அது; வரிகள் பிறகு வந்தவை. அவர் விரலுக்கு வசதியான கீ உங்கள் தொண்டைக்கு ஏன் ஒத்துவர வேண்டும்? தாழ்ந்த குரலுள்ள பெண்கள் இதை நாலைந்து ஸ்வரம் இறக்கிப் பாடலாம்.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் வேறு விதமாக மாட்டுகிறார்கள். எந்தப் பாட்டுக்கும் "எனக்கு ஐந்து கட்டை சுருதி" என்பார்கள். கச்சேரிக்குப் பெரும்பாலும் அது போதும். இங்கே ஒரு மெட்டு ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவே அடங்கும். இன்னொன்று கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேலே போகும். இரண்டையும் ஒரே கட்டையில் வைத்தால் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். பாட்டுக்குப் பாட்டு உச்ச ஸ்வரத்தையும் அடி ஸ்வரத்தையும் பார்த்து, கீயை நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்தக் கீயில் சார்ட், அதாவது வாசிப்பவர்கள் பார்த்து வாசிக்கும் தாள். ஒரே பக்கம், வரிக்கு நாலு பார் (தாளச் சுற்று), முடிவு தெளிவாக. பியானோ, பேஸ், டிரம்ஸுக்கு ஆளுக்கொரு பிரதி. போன் திரையை நீட்டாதீர்கள்.

அதே இரவு சுமாரான குரலில் பாடிய ஒருவர் மூன்று சார்ட்டோடு வந்திருந்தார். ரெஸ்டாரண்டுக்கு ஒரு பாடகர் வேண்டுமென்றால் விசாரிப்பது பேஸ்காரரிடமும் பியானோக்காரரிடமும்தான். அவர்கள் யார் பெயரைச் சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

டெம்போவை டிரம்மரிடம் விடுவது

ஒரு வரியை மனதுக்குள் பாடிப் பார்த்து, அந்த வேகத்தில் எண்ணிக் கொடுங்கள். பதற்றத்தில் எண்ணினால் மெதுவான பாலட்கூட ஓட்டமெடுக்கும்.

ஸ்கேட்

வார்த்தைகளுக்குப் பதில் வெறும் ஒலிகளால் கற்பனையாகப் பாடுவது. உங்களுக்கு மெட்டே இன்னும் ஆடுகிறது. அப்புறம் பார்க்கலாம்.

முடிவைப் பேசி வைக்காதது

கடைசி வரியை மூன்று முறை பாடி முடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதையாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிறுத்திய பிறகும் டிரம்மர் வாசித்துக்கொண்டிருப்பார்.

சோலோவின்போது நடு மேடையில் நிற்பது

வாத்தியக்காரர் தனியாக வாசிக்கும்போது ஓரமாக நகருங்கள். ஆனால் பார் எண்ணுவதை விடாதீர்கள். சோலோ முடிந்து பிரிட்ஜில் நுழைய வேண்டியவர் நீங்கள்தான்.

"பணம் அடுத்த வாரம் தர்றேன்"

பாடகர் பெயரில் கிக் (சம்பளத்துக்கான நிகழ்ச்சி) என்றால் பாடகர்தான் பேண்ட் லீடர். கிளப் உங்களுக்கு எப்போது தந்தாலும் வாசித்தவர்களுக்கு அன்றிரவே, கையில்.