குட்டி யானையில் பியூயல் ட்ரிம் எகிறினால் எங்கிருந்து பார்ப்பது

செக் இன்ஜின் லைட் எரியும், ஸ்கேனர் போட்டால் பி0171 (கலவை லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை) என்று வரும், உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவார்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் லோடு ஏற்றும் பெட்ரோல், சிஎன்ஜி குட்டி லாரிகள் பலவற்றுக்கும் இதே வைத்தியம்தான். கொஞ்ச நாளில் லைட் மறுபடி எரியும், ஏனென்றால் சென்சார் தான் பார்த்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, கோளாறு வேறு இடத்தில். எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் காட்டும் பியூயல் ட்ரிம் எண்ணைப் படியுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஸ்பார்க் பிளக் உள்ள வண்டிகளுக்குத்தான் இது. டீசல் இன்ஜினில் ஸ்கேனர் காட்டும் இன்ஜெக்டர் கரெக்‌ஷன் வேறு சமாச்சாரம்.

விஷயம் இவ்வளவுதான்: ஈசிஎம், அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், ஒரு கணக்குப் போட்டு பெட்ரோல் விடுகிறது, சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவை சரியா இல்லையா என்று சொல்கிறது, அதற்கேற்ப கூட்டியோ குறைத்தோ விடும் சதவீதம்தான் ட்ரிம். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி ஆடும், லாங் டெர்ம் மெதுவாக நகரும், இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டினால் பிளஸ் மைனஸ் 10க்குள் வந்தால் கவலை வேண்டாம். ஷார்ட் டெர்ம் 0, லாங் டெர்ம் பிளஸ் 18 என்று இருந்தால் ‘0 தானே’ என்று விடாதீர்கள், வண்டி 18 சதவீதம் கூட்டி ஊற்றி சமாளித்துக்கொண்டிருக்கிறது.

வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஓபிடி டாங்கிளும் போனும் போதும். இன்ஜின் நன்றாகச் சூடாகி குளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசிஎம் ஓடும் நிலை) என்று காட்டிய பிறகுதான் எண்ணைக் குறியுங்கள். முதலில் ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்), பிறகு நின்ற இடத்தில் 2500 ஆர்பிஎம்மில் பிடித்து, கடைசியாக லோடோடு ரோட்டில். மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஸ்லோவில் பிளஸ் அதிகமாக இருந்து ரேஸ் பண்ணினால் இறங்கிவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. ஸ்லோவில் சரியாக இருந்து லோடு ஏற ஏற எகிறினால் பெட்ரோல் போதவில்லை. எல்லா நிலையிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் பெட்ரோல் பிரஷர், இன்ஜெக்டர் அல்லது சென்சார் தரும் கணக்கில் கோளாறு.

சிஎன்ஜி, பெட்ரோல் இரண்டிலும் ஓடும் வண்டி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், சுவிட்சை மாற்றிப்போட்டு இரண்டிலும் எண்ணை எடுங்கள். பெட்ரோலில் மட்டும் மோசம் என்றால் பம்ப், பில்டர், பெட்ரோல் இன்ஜெக்டர். சிஎன்ஜியில் மட்டும் என்றால் ரெகுலேட்டர், கேஸ் பில்டர், கேஸ் இன்ஜெக்டர். இரண்டிலும் ஒரே மாதிரி எகிறினால் எரிபொருள் பக்கம் கையே வைக்காதீர்கள், காற்றுப் பக்கமும் சைலன்சர் பக்கமும் போங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை, ஆனால் பல பேர் செய்வதே இல்லை.

நம் ஊரில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. உப்புக் காற்று ஒரு பக்கம், ஐஸ் கரைந்து வழியும் மீன் தண்ணீர் இன்னொரு பக்கம், போல்ட்டும் பைப் ஜாயிண்ட்டும் சீக்கிரம் அரித்துவிடும். சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் ஸ்லோவில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஆக்சிஜனைப் பார்த்த சென்சார் ‘லீன்’ என்று சொல்லும், ஈசிஎம் தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும். பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து கறுப்பாக இருக்கும், ஸ்கேனரோ பிளஸ் 20 காட்டும். இப்படி இரண்டும் முரண்பட்டால் இந்தக் கசிவைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து காதைக் கொடுங்கள்: டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் இரும்பு விரிந்து நின்றுவிடும். டார்ச் அடித்து ஜாயிண்ட்டைப் பாருங்கள், பேக்கிங் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் இடம். மிஸ்பயர் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) இருந்தாலும் இதே முரண் வரும், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே போவதால். பிளக், காயில் கோளாறை முதலில் சரிசெய்துவிட்டு ட்ரிம்மைப் பாருங்கள்.

இன்டேக் பக்கக் கசிவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அதற்குப் பிறகு ஓஸ் வெடித்திருந்தால் ட்ரிம் நேராக எகிறும். மேனிபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சார் வண்டியில், குட்டி லாரிகளில் பெரும்பாலும் இதுதான், கசியும் காற்றையும் சென்சார் சேர்த்தே கணக்கில் எடுத்துவிடுவதால் ட்ரிம் அவ்வளவு ஏறாது, ஸ்லோ ஆர்பிஎம்தான் தூக்கி நிற்கும். பிசிவி ஓஸ் (கிரான்க்கேஸ் புகையை இன்டேக்குக்கு விடுவது), பிரேக் பூஸ்டர் ஓஸ், பர்ஜ் வால்வு ஓஸ் (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடுவது) மூன்றையும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும். கசிவைத் தேட கார்ப் கிளீனரைச் சூடான மேனிபோல்டு பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். புகை விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் டெஸ்ட் வசதி இருக்கும் கடைக்குப் போவது நல்லது.

அப்புறம் பெட்ரோல். விலை குறைவு என்று முள்ளோடை தாண்டி புதுச்சேரி பங்கில் போட்டாலும் சரி, கடலூரில் போட்டாலும் சரி, இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இ10க்கு அமைத்த இன்ஜினில் இதனாலேயே சுமார் 4 சதவீதம் பிளஸ் வரலாம், எத்தனாலுக்குக் காற்று குறைவாகத்தான் தேவை என்பதால். அதைக் கோளாறாக எண்ணவேண்டாம், 15, 20 என்று போனால்தான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று தோன்றினால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள், அடியில் தனி அடுக்கு நின்றால் டேங்கைக் காலி பண்ணத்தான் வேண்டும். பம்ப் பலவீனமா என்று பார்க்க கேஜ் போட்டு லோடில் பிரஷரைப் பாருங்கள், சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ட்ரிம்மை நம்பாதீர்கள், அப்போது ஓபன் லூப், ஈசிஎம் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காது. அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் வோல்ட்டேஜ் 0.8, 0.9 பக்கம் நிற்காமல் கீழே விழுந்தால் பெட்ரோல் வரத்து குறைகிறது.

மைனஸ் பக்கம் என்றால் ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வு, ‘இன்ஜின் இன்னும் ஆறியிருக்கிறது’ என்று பொய் சொல்லும் கூலன்ட் சென்சார். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டு மறுபடி ட்ரிம் எண்ணை எடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகு ஆக்சிஜன் சென்சார். சாதாரண வகை என்றால் சூட்டில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் மந்தமாக நின்றால் மாற்றலாம்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்தால் பல வண்டிகளில் லாங் டெர்மும் 0க்கு வந்துவிடும், அதைப் பார்த்து சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுக்காதீர்கள். லோடோடு புதுச்சேரி வரை ஒரு நடை போய்வந்து, மூன்று நிலையிலும் எண்ணை மறுபடி எடுத்து, பழைய பேப்பரோடு ஒப்பிடுங்கள்.