கிழங்கு தோண்டுமுன் லேண்ட்மாஸ்டர் பெட்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

போன போகத்தில் பதினாலு மூட்டை உருளைக்கிழங்கோடு தோட்டத்து மண்பாதையில் ஏறும்போது லேண்ட்மாஸ்டர் கை ட்ரெக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த பெட்டியின் இடது சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. லொறி மேலே ரோட்டில் நிற்கிறது, மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளைத் தோளில் சுமந்தோம். மறுநாள் கராஜ் பாஸ் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தை, கழற்றினார். உள்ளே பேரிங் நீலம் பூத்துக் கருகிக் கிடந்தது.

"யாரு தம்பி இந்த நட்டை இறுக்குனது?"

"நான்தான் பாஸ்."

"நீங்க பேரிங் மாட்டல. இன்னொரு பிரேக் மாட்டியிருக்கீங்க."

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கை ட்ரெக்டருக்குப் பின்னால் மாட்டும் ஒற்றை அச்சுப் பெட்டிக்கானது.

எப்போது செய்வது? அறுவடைக்கு மூன்று வாரம் முன்பே. கிழங்கு தோண்டத் தொடங்கிவிட்டால் ஊரில் உள்ள எல்லாப் பெட்டிகளும் கராஜ் வாசலில்தான் நிற்கும். நுவரெலியாவிலோ வெலிமடையிலோ சாமான் கிடைக்காவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கும் நாள் வேண்டுமே.

தூக்கி நிறுத்துவது

சமதரையில் நிறுத்துங்கள். மலையில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே கஷ்டம், எங்களுக்குக் கோயில் முற்றம்தான். கழற்றாத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். அச்சுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்காமல் கையை உள்ளே விடக் கூடாது. முன்னால் நீளும் பாருக்கும் ஒரு முட்டு வேண்டும். ஒற்றை அச்சு என்பதால் பெட்டி எந்தப் பக்கமும் சாயும்.

ஹப்பைத் திறப்பது

மூடியைத் தட்டி எடுத்தால் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் பிளவுபட்ட ஊசி), அதற்குப் பின்னால் நட்டு, வாஷர், வெளிப் பேரிங். சக்கரத்தை இழுத்தால் உள் பேரிங்கும், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஓயில் சீலும் ஹப்போடு வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவுங்கள். பழையதன் மேல் புதியதை அப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். லித்தியம் கிரீஸும் வேறு வகையும் கலந்தால் சில நேரம் இளகி வழிந்துவிடும். நிறத்தைப் பார்த்து வகையைச் சொல்லவும் முடியாது. நான் வாங்குவது 2ஆம் இலக்க லித்தியம் கிரீஸ் மட்டும்தான், அதுவும் டப்பாவோடு. கடையில் பொலித்தீன் பையில் அள்ளிக் கொடுப்பதை வாங்குவதில்லை.

உருளைகளில் நீலம், குழி, துரு ஏதாவது தெரிந்தால் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளி வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய வளையத்தில் புதிய உருளை ஓடினால் ஒரு போகம்கூடத் தாங்காது. கடைக்குப் போகும்போது வளையத்தில் வெட்டியிருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். 30206 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். 30 மில்லிமீற்றர், அதுதான் உள்துளை. அச்சின் தடிப்போடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

கிரீஸைப் பேரிங்கின் மேல் தடவினால் போதாது. உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு இடையால் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை திணியுங்கள். ஹப்பின் நடுக் குழியை மட்டும் முழுக்க நிரப்பாதீர்கள், பாதி போதும். சூடேறினால் மிச்சம் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் போகும்.

நட்டு (நான் கோட்டைவிட்ட இடம்)

சக்கர நட்டை இறுக்குவது போலவே இதையும் ஸ்பனரில் ஏறி மிதித்து இறுக்கினேன். இந்தப் பேரிங் கூம்பு வடிவம். நட்டு உள்ளே போகப் போக உருளைகள் வளையத்தோடு நெரிபடும். அசைய மயிரிழை இடைவெளி இல்லாவிட்டால் சூடு, சூட்டில் கிரீஸ் வழியும், பிறகு கருகல்தான்.

சரியான முறை இது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை இறுக்குங்கள். சக்கரம் கனக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். உருளைகள் இடத்தில் உட்கார்ந்துவிட்டன என்று அர்த்தம். இப்போது நட்டை முழுவதும் தளர்த்துங்கள். பிறகு ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும் திருகுங்கள், நிற்கும் இடம்வரை. நட்டின் வெட்டும் அச்சின் துளையும் நேராக வராவிட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பித்தான் பின்னைப் போட வேண்டும். "ஒரு துளிதானே" என்று முன்னால் இறுக்கத்தான் கை போகும். விடாதீர்கள். ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும். வளைந்ததை நிமிர்த்திப் போடுவது, கம்பித் துண்டு சொருகுவது எல்லாம் வேண்டாம்.

டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மிக லேசான அசைவு தெரியலாம். "டக் டக்" என்று சத்தம் வந்தால் மிகவும் தளர்வு.

பிரேக்

சமவெளியில் பெட்டிப் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. கந்தப்பளை, ராகலைப் பக்கம் அந்த விளையாட்டு வேண்டாம். கை ட்ரெக்டரில் ஒவ்வொரு சக்கரத்தையும் எஞ்சினிலிருந்து விடுவிக்கத் தனிக் கிளட்ச் உண்டு. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் பாரம் பின்னால் தள்ளும்போது அதே கிளட்ச் வண்டியை வலப்பக்கம் கொண்டுபோகும். விடுபட்ட சக்கரம் தாராளமாக உருள, மற்றதை எஞ்சின் பிடித்து வைத்திருப்பதால் வருவது இது. புதிதாக ஓட்டுகிற பையன்கள் கானுக்குள் இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இறக்கத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பெட்டியின் கால் பிரேக். அதனால் கிளட்சைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். கிரீஸ் பட்ட லைனிங்கைப் பெற்றோல் ஊற்றிக் கழுவிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இழுகம்பிகளையும் இரு பக்கமும் ஒரே அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஒரு சக்கரம் முந்திப் பிடித்தால் பெட்டி அந்தப் பக்கம் இழுக்கும். முதலில் வெறும் பெட்டியோடு சமதரையில், பிறகு நாலைந்து மூட்டையோடு சின்ன இறக்கத்தில் சோதியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பெட்டியை ட்ரெக்டரோடு கொழுவும் பின் நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தால் புதியது போடுங்கள். கட்டிடக் கம்பியை வெட்டிப் போடாதீர்கள், கூடவே ஒரு சங்கிலியும் மாட்டுங்கள். வில்லுப் பட்டையில் முதல் பட்டை வெடித்திருக்கிறதா என்று மண்ணைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் 2319 போல நாலு இலக்கம் இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பக்கச்சுவர் வெடித்த டயரை நான் இறக்கத்தில் நம்ப மாட்டேன். உரமும் சுண்ணாம்பும் ஏற்றியிருந்தால் அடிப்பலகையின் மூலைகள் அரித்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள்.

முதல் பாரம் ஏற்றி ஐந்து கிலோமீற்றர் போனதும் நிறுத்தி, புறங்கையால் இரண்டு ஹப்பையும் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைக்க முடியாவிட்டால் நட்டைத் திரும்பப் பாருங்கள். சக்கர நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது

ஊவா பரணகமவிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார். இதையெல்லாம் செய்தும் இரண்டே மாதத்தில் பேரிங்கில் துரு. விசாரித்தால், பாரம் இறக்கி வந்ததும் பெட்டியை நேரே பீலிக்கு அடியில் விட்டுக் கழுவுகிறார். சூடான ஹப்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள் அண்ணே, ஹப்புக்கு நேரே தண்ணீர் விழாமல்.

இன்னொருவருக்கு வலது ஹப் மட்டும் சுடுகிறதாம், நட்டு சரியாகத்தான் இருக்கிறது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். பிரேக் ஸ்பிரிங் அறுந்து லைனிங் உரசிக்கொண்டிருந்தது.