சப்வூஃபர் இரைகிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

திருகோணமலையில் உப்புவெளி, டச்பே பக்கம் கடலை ஒட்டி வீடு என்றால், ரிவியோடு மாட்டிய சப்வூஃபர் கரகரப்பதற்கு முதல் சந்தேகம் உப்புக்காற்றின் மேல்தான். பின்பக்கச் சிவப்பு, வெள்ளை பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்; பச்சைக் களிம்பு படிந்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். பாதிக் கரகரப்பு அதிலேயே போய்விடும்.

'ம்ம்ம்' என்று விடாமல் இரைந்தால் கதை வேறு. ரிவியிலிருந்து அன்டெனா அல்லது கேபிள் வயரை மட்டும் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் லூப், அதாவது இரண்டு வழியில் எர்த் இணைந்து வயரில் மின்னோட்டம் சுற்றுவது. அந்த வயருக்கு, எர்த் தொடர்பைப் பிரிக்கும் ஓர் ஐசோலேட்டர் போட்டால் சரி. நிற்காவிட்டால் ரிவியையும் சப்வூஃபரையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டிப் பாருங்கள். எர்த் வயரை வெட்டச் சொல்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஷொக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

சத்தமே இல்லையா? ஒப்டிகல் போன்ற டிஜிட்டல் வயரில் மாட்டியிருந்தால், ரிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஓடியோவை பிசிஎம் (PCM) என்ற சாதாரண ஒலி வடிவத்துக்கு மாற்றுங்கள். பல மலிவு சப்வூஃபர் செட்டுகளுக்கு டொல்பி என்ற சுருக்கிய ஒலி வடிவம் புரியாது.

அப்புறம், பேச்சு அமுங்கி 'கும் கும்' மட்டும் கேட்டால் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் திருகு) 80 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுங்கள்.